சிரிப்புக்கு விட்ட இடம்

வா அம்மா, உள்ளே வா. எவ்வளவு நேரமாக நிற்கிறாய்? மணியை அடித்திருக்கலாமே. அடித்தாயா? அந்த மணி சரியில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறான். அவனுக்கு என்ன தெரியும். பேப்பர் போடுகிறவன் கதவைத் தட்டுவான். எதிர் வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று கையை ஆட்டுவாள். அந்த மணியை நம்பி யாரும் இந்த வீட்டுக்கு வருவதில்லை. நம்பாமலும் யாரும் வருவதில்லை.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்துவேன். நீ சிரித்திருக்க வேண்டும். பரவாயில்லை.

உட்கார். அதில் இல்லை, இந்த நாற்காலியில். என் வலது பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஏன் இப்படிக் கத்துகிறாய்? மெதுவாகச் சொன்னாலே போதும், திருத்தமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இப்போது யாருக்கும் திருத்தமாகப் பேச வரவில்லை. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் உதட்டுக்குள்ளேயே வாசித்துவிட்டுப் போகிறாள். கொஞ்சம் கூட்டி வைத்தால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, “மாமி, சவுண்டக் கொறைங்க, எங்க வீட்டு டிவியில உங்க வீட்டு டிவிதான் கேக்குது” என்கிறார். அதை அவளிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன்.

நீ செலின். தைரியநாதனின் மூத்த பெண். சொல்ல வேண்டாம், மூக்கே சொல்லிவிட்டது. எதற்கு வந்திருக்கிறாய் என்பதும் தெரியும். உன் தம்பி எதிர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லியிருந்தான், அந்த அம்மாள் வந்து சொன்னாள். அப்பாவுக்கு வாதம் வந்து பாலக்கரை வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார், ஒருமுறை அபயம் அத்தை வந்து பார்க்க வேண்டும் என்று.

நான் வரமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபி குடி. ஏன் வரமாட்டேன் என்பதையும் கேட்டுக்கொள். கேட்டுவிட்டுப் போய் உன் அம்மாவிடம் சொல்.

என் பேச்சு உனக்கு விநோதமாக இருக்கும். வீட்டில் யார் இப்படிப் புத்தகம் மாதிரிப் பேசுகிறார்கள் என்று நினைப்பாய். வானொலித் தமிழ். வேலை போன பிறகும் அது போகவில்லை. கோகிலத்துக்கு மட்டும்தான் நான் வீட்டுத் தமிழ் பேசினேன். கோகிலம் நான்தான். “வாசல் மணி” நாடகத்தில் ஏகாம்பரத்தின் பெண்டாட்டி. ஏகாம்பரம் உன் அப்பா.

நான் வானொலி நிலையத்துக்குப் போனது கவிதை வாசிக்கத்தான். கல்லூரியில் தமிழ் படித்தவள், குரல் நன்றாக இருந்தது, அறிவிப்பாளராக எடுத்துக்கொண்டார்கள். “நேரம் எட்டு மணி பதினைந்து நிமிடம்” என்று சொல்வதில் எவ்வளவு கவிதை இருக்கும், சொல். சிரிப்பு நிகழ்ச்சி ஒன்று நானே எழுதி, நானே தயாரித்து, நானே நடிக்கிறேன் என்று போய் நின்றேன். கோதண்டபாணி என்று நிலைய இயக்குநர் ஒருவர் இருந்தார். “பொம்பளை அழ வெச்சா கேப்பாங்கம்மா. சிரிக்க வெச்சா கேப்பாங்களா?” என்றார். “ரேடியோவைத் திருகிப் பார்த்தால் தெரியும் சார்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரத்தைக் கொடுத்தார். தூங்குகிறவர்களைத்தான் எனக்குக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் அந்த நேரத்தில் யாரும் தூங்கவில்லை.

அப்போதுதான் உன் அப்பா வந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் குமாஸ்தா. குரல் தேர்வுக்கு வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைவிடச் சின்னவர், அக்கா என்பார். ஒரு வரி கொடுத்தேன். “கோகிலம், சட்னியில உப்பு இல்ல.” அதைச் சொல்லச் சொன்னேன். தேர்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் கோபமாகச் சொன்னார்கள். உன் அப்பா மட்டும், உப்பு இல்லாதது தன்னுடைய தப்பு மாதிரிச் சொன்னார். நான், “இருக்கு. டப்பாவுல” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மேஜையைத் தட்டிச் சிரித்தது தெரிந்தது. அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வாசல் மணி அடிக்கும். யாராவது வருவார்கள். பால்காரர், சீட்டுக்காரி, வீட்டுக்காரர், ஏகாம்பரத்தின் அம்மா. வந்தவர்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் படுகிற பாடுதான் நாடகம். “உங்கம்மா ஒரு வாரம் இருப்பேன்னாங்க.” “ஆமா.” “எந்த வாரம் முடியும்னு சொன்னாங்களா?” இவ்வளவுதான். இதற்கு ஊரே சிரித்தது என்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பஞ்சு வைத்துத் தைத்த சுவர், நடுவில் ஒரு மைக், எதிரே உன் அப்பா, வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு. சிரிப்பது எல்லாம் எங்கேயோ யார் வீட்டிலோ. நாங்கள் கிணற்றுக்குள் கல் போடுகிறவர்கள். தண்ணீர்ச் சத்தம் எங்களுக்கு வராது.

ஒரே ஒரு தடவை கேட்டேன். தொடங்கிய புதிது. எனக்குக் காய்ச்சல், எனக்குப் பதிலாக ராஜம் என்ற அறிவிப்பாளர் கோகிலமாக வாசித்தாள். டாக்டரிடம் போய்விட்டு உறையூர் வழியாக வருகிறேன், டீக்கடையில் ரேடியோ. நெசவுக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதிய வரி வந்தது. சிரித்தார்கள் பார், அப்படி ஒரு சிரிப்பு. அடுத்த வரியும் வந்தது, சிரிப்பில் மூழ்கிப் போயிற்று. ஒருவர் கத்தினார். “ஏய், சும்மா இருங்கப்பா, அந்தம்மா என்னவோ சொல்லுது!” அதற்குள் அதுவும் போயிற்று.

அங்கே நின்றுதான் கற்றுக்கொண்டேன். சிரிப்புக்கு இடம் விட வேண்டும். மேடையில் இருக்கிறவனுக்குச் சிரிப்பு கேட்கும், நிறுத்துவான். நமக்குக் கேட்காது. கேட்காத சிரிப்புக்கு இடம் விட வேண்டும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்புறம்தான் அடுத்த வரி. அதை இந்த ஊர் ரேடியோவில் முதலில் செய்தது நான். கோதண்டபாணிக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவில் மௌனம் என்றால் பழுது என்று அர்த்தம், என்றார். “இது மௌனம் இல்லை சார், அவர்கள் பேசுகிற நேரம்” என்றேன்.

நல்ல வரி, இல்லையா? கவிதை எழுத வந்தவள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதையாவது சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பேன். பதில் சொல்ல யாரும் இல்லை, அது வேறு விஷயம். கல்யாணம் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. கோகிலத்துக்கு இருந்தது போதும் என்று விட்டுவிட்டேன். கடைத்தெருவில் என் குரலைக் கேட்டுவிட்டு, “நீங்க ரேடியோ கோகிலம்தானே? வீட்டுக்காரர் சௌக்கியமா?” என்பார்கள். சௌக்கியம் என்பேன். உன் அம்மா பிலோமினாவிடம் சொன்னால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். “ஞாயித்துக்கிழமை மட்டும் நீங்க வச்சுக்கோங்க அக்கா, மத்த நாள் எனக்கு வேணும்” என்பாள். கிறிஸ்துமஸுக்கு எனக்காகத் தனியாக முட்டை போடாமல் கேக் செய்து அனுப்புவாள். நல்ல மனசு. கேக் செங்கல் மாதிரி இருக்கும்.

சிரிக்கிறாய். உன் அப்பா மாதிரியே தோளைக் குலுக்கிச் சிரிக்கிறாய்.

சரி. இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை உன் அப்பா எப்படிக் கெடுத்தார் என்று கேள்.

கடைசி வருஷம். அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, வேறென்ன. முதலில், நிற்கிற இடத்தை மாற்றினார். எப்போதும் மைக்குக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர், என்னைக் கேட்காமல் என் வலது தோளை ஒட்டி வந்து நின்றார். ஏன் என்றால், “இங்க வெளிச்சம் நல்லா இருக்கு அக்கா” என்றார். அப்புறம் பென்சில். என் முறை வரும்போது பென்சில் முனையால் என் முழங்கையில் லேசாகத் தொடுவார். எனக்கா முறை தெரியாது? எழுதியவளே நான். ஒத்திகையில் மற்ற நடிகர்கள் முனகுவார்கள். “சத்தமாகச் சொல்லுங்கள், மைக் உங்கள் வாய்க்குள் வராது” என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது. புது மைக் வேறு வந்திருந்தது. காதில் மாட்டிக்கொள்கிற போன் ஒன்றுகூடச் சரியில்லை. மாற்றிக் கொடுக்கக் கொடுக்க எல்லாம் பழுது. அந்தக் காலத்தில் அப்படித்தான் சாமான் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், அந்த “ஆங்”.

நான் எழுதவில்லை. உன் அப்பாவாகச் சேர்த்தது. அவர் ஒரு வரி சொல்வார், நான் சிரிப்புக்கு இடம் விடுவேன். நிகழ்ச்சியைக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள், சிரிப்பும் நீளமாகத்தானே இருக்கும், நானும் கொஞ்சம் நீளமாகவே விட்டேன். அந்த இடத்தில் புகுந்து, “ஆங்?” என்பார். “கோகிலம், காபி ஆறிப் போச்சு. ஆங்?” அதைச் சொல்லிவிட்டுப் பென்சிலால் தொடுவார். அப்புறம் நான் என் வரியைச் சொல்வேன். நான் கஷ்டப்பட்டு ஊருக்கென்று விட்டு வைத்த இடம். அதில் வந்து துண்டைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. ஏகாம்பரம் பாவம், பெண்டாட்டி பதில் சொல்லக் காத்துக்கொண்டே இருக்கிறான் என்று ஒரே சிரிப்பாம்.

பொறுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கும் மேலே போனார்.

அப்போது எல்லாம் நேரடிதான், பதிவு செய்து வைக்கிற வழக்கம் எங்கள் நிகழ்ச்சிக்கு இல்லை. சொன்னது சொன்னபடி காற்றில் போய்விடும். அன்றைய நாடகத்தில் மணி அடித்ததும், கோகிலம் “வந்துட்டாங்க, மூஞ்சியைச் சிரிச்ச மாதிரி வைங்க” என்று சொல்ல வேண்டும். நான் மணிக்குக் காத்திருக்கிறேன். மணி அடிக்கவில்லை. சத்தம் கொடுக்கிற முனுசாமி மணிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். நானும் அவரைப் பார்க்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் கோதண்டபாணி எழுந்துவிட்டார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என் காதருகே, மைக்கில், ஊர் முழுக்கக் கேட்க:

“கோகிலம், மணி அடிக்குதே, காது கேக்கலையா? ஆங்?”

என்னைச் செவிடி என்றார். அத்தனை பேர் வீட்டிலும், அவர்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது.

நான் விடவில்லை. “கேக்குது கேக்குது, உங்களுக்குத் தொறக்கத் தெரியுதான்னு பாத்தேன்” என்று சமாளித்தேன். நாடகம் ஓடிவிட்டது. முடிந்ததும் முனுசாமியிடம், “ஏன் மணி அடிக்கவில்லை?” என்றேன். “அடிச்சேனே அம்மா, மூணு தடவை” என்றார். இன்ஜினியரும் அடித்தது என்றார். எல்லோரும் உன் அப்பா பக்கம்.

அந்த வாரம் புதன்கிழமை, சத்திரம் பஸ் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் இருக்கிறேன். டிக்கெட் வாங்காமல் நின்ற பெரியவரிடம் கண்டக்டர், “மணி அடிக்குதே, காது கேக்கலையா? ஆங்?” என்றார். என் பக்கத்திலேயே நின்று சொன்னார். பஸ்ஸே சிரித்தது. எல்லோர் வாயும் திறந்திருந்ததைப் பார்த்தேன். பல்லும் தோளுமாக, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து. ஜனங்கள் சிரித்து நான் நேரில் பார்த்தது வாழ்க்கையில் இரண்டே தடவை. ஒன்றில் என் வரி, குரல் ராஜத்துடையது. இன்னொன்றில் வரியே என்னுடையது இல்லை. இறங்க வேண்டிய இடம் வருமுன்பே இறங்கி நடந்துவிட்டேன்.

மறுநாள் கோதண்டபாணியிடம் போனேன். எழுதாததைப் பேசுகிறார், தயாரிப்பாளர் நான், இந்த நடிகர் எனக்கு வேண்டாம் என்றேன். உன் அப்பாவைக் கூப்பிட்டார். “ஏம்பா, நீயாவா சேத்துக்கறே?” என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சார். பழக்கமாயிடுச்சு. தப்புதான்” என்றார். பார்த்தாயா? அவரே ஒப்புக்கொண்டார். நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. அதற்குப் பிறகு நிலையத்தில் அவரை எந்த நாடகத்துக்கும் கூப்பிடவில்லை. எழுதாததைப் பேசுகிற ஆள் என்று பெயராகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் அப்பாவும் அம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். உன் அம்மா கையில் ஒரு தூக்குவாளி. உன் அப்பா உட்காரவில்லை. “அக்கா, தில்லைநகர்ல ஒரு டாக்டர் இருக்கார். பிலோமினாவுக்குச் சொந்தம். ஒரு தடவ போய்ட்டு வந்துருவோம். நான் கூட வரேன். யாருக்கும் தெரிய வேணாம்” என்றார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பார். மைக்கில் சொன்னது போதாது என்று வீடு தேடி வந்து சொல்கிறார். “எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. டாக்டரிடம் போய் உங்கள் நாக்கைக் காட்டுங்கள்” என்றேன்.

நல்ல வரிதான். உன் அப்பா சிரிக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து, பாதி விடுகிற நேரம் வாசலில் நின்றார், இடம் விடுவது மாதிரி. உன் அம்மா தூக்குவாளியை எங்கே வைப்பது என்று திண்டாடிக் கீழே வைத்தாள். அப்புறம் போய்விட்டார்கள். அதுதான் நான் உன் அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது.

புது ஏகாம்பரமாகப் பஞ்சநதம் என்று ஒருவரைப் போட்டேன். எழுதியதை மட்டும் பேசுவார். ஒரு எழுத்து கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். நான் விட்ட இடம் எல்லாம் விட்டபடி இருந்தது. நேயர்களிடமிருந்து புகார் வந்ததாம், ரேடியோ நின்று நின்று வருகிறது, தட்டிப் பார்த்தோம் என்று. ரசனை போய்விட்டது, வேறென்ன. கோதண்டபாணிக்கு என் மேல் தொடக்கத்திலிருந்தே பொறாமை. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு என்னை இசைத்தட்டு அறைக்குப் போட்டார். ஓய்வு பெறும் வரை அங்கேதான். தட்டுகளைத் துடைத்து, உறை மாற்றி, அடுக்கி வைப்பது. அமைதியான அறை. யாரும் பேச மாட்டார்கள். எனக்குச் சிரமமே இல்லை.

அவ்வளவுதான் கதை. இப்போது சொல், நான் எதற்கு வர வேண்டும்? நான் வந்தால் அவரால் என்னிடம் என்ன சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்கப் போகிறாரா?

என்ன? இன்னொரு தடவை சொல். கீழே பார்த்துச் சொல்லாதே, என் முகத்தைப் பார்த்துச் சொல்.

பேச்சே இல்லையா? உன் தம்பி அதைச் சொல்லவில்லையே. எதிர் வீட்டு அம்மாளும் சொல்லவில்லை. ஒரு சொல்கூட வரவில்லையா?

அது மட்டுமா?

அது மட்டும்தான் வருகிறதா? டாக்டர் கேட்டாலும் அதுதானா? சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும்கூட?

ஆங்.

சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். சாமியார் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். பார், ஊரில் இருக்கிற அத்தனை சொல்லும் போயிருக்கிறது, நான் விட்ட இடத்தில் நுழைத்தது மட்டும் போகவில்லை.

இரு. நான் யோசிக்கிறேன்.

எப்படிச் சொல்கிறார்? சொல்லிக் காட்டு. முடிவில் தூக்குகிறாரா, இறக்குகிறாரா? தூக்குகிறாரா. தூக்கிவிட்டு என்ன செய்கிறார்? நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அவர் மறுபடியும் ஆங் என்கிறார். உன் அம்மா அழுகிறாள். மறுபடியும் ஆங். நாளெல்லாம் இப்படியே. கையை வேறு நீட்டுகிறாரா? எந்தக் கை? வரக்கூடிய கையால், விரலைக் குவித்து, காற்றில் எதையோ தொடுகிறவர் மாதிரியா?

அடப் பைத்தியங்களா. அவருக்குத் தண்ணீரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நீங்கள் யாரும் “வாசல் மணி” கேட்டதே இல்லையா? அந்த “ஆங்” வந்தால் அதற்கு அடுத்தது யார் வரி? கோகிலத்தின் வரி. யாராவது சொன்னால்தானே அவர் மேலே போக முடியும்? சொல்லாமல் விட்டால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார். நேரடி நிகழ்ச்சியில் அவர் ஒருநாளும் என்னை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனதில்லை.

போனதில்லை. அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் செருப்பை எடு. பச்சைப் புடவையே இருக்கட்டும், மாற்ற வேண்டாம், ரேடியோவுக்கு எதற்குப் புடவை. ஆட்டோ கூப்பிட்டாயா? நான் மன்னித்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்லாதே, நான் வேலையாக வருகிறேன். அவருக்கு வரி சொல்ல ஆள் இல்லை, அதனால் வருகிறேன். சட்னியில் தொடங்குவோம். உப்பு அவருக்குப் பிடிக்கும்.

படியில் பார்த்து இறங்கு. நீ இந்தப் பக்கம் வா, என் வலது பக்கம். காதுக்காக இல்லை, பழக்கம்.

செலின், இங்கே பார். அங்கே போனதும் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னை ஒட்டி நில். அவர் “ஆங்” என்று சொன்னதும் என் முழங்கையைத் தொடு. லேசாகத் தொட்டால் போதும். உன் பையில் பென்சில் இருக்கிறதா?